பூனைக்குட்டிக்கும் பால்பல் விழுமா?



உங்களுடைய முதல் பால்பல் விழுந்த நாள் நினைவிருக்கிறதா? நாலைந்து நாட்கள் அதை நாக்கால் ஆட்டிக்கொண்டே இருந்திருப்பீர்கள். ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் கையோடு வந்திருக்கும். பாட்டி அதைச் சாணியில் வைத்து உருட்டித் தந்து, கூரை மேல் எறியச் சொல்லியிருப்பார். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் புதுப் பல் எட்டிப் பார்த்திருக்கும்.

சரி, பூனைக்குட்டிக்கும் இப்படிப் பால்பல் விழுமா? விழுந்தால் அதை நாம் ஏன் பார்த்ததே இல்லை?

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது போடிநாயக்கனூர். மலையில் விளையும் ஏலக்காய் மூட்டை மூட்டையாக இந்த ஊருக்கு வருகிறது. இங்கே தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகிறது. அங்கே ஒரு கிடங்குக்குள் நீங்கள் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் சணல் சாக்குகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றின் மேல் நாலு மாதப் பூனைக்குட்டி ஒன்று உட்கார்ந்து ஒரு சாக்கின் விளிம்பை விடாமல் மென்றுகொண்டிருக்கிறது. அருகில் போய்ப் பார்க்கிறீர்கள். சாக்கில் ஒரு துளி இரத்தக் கறை! பக்கத்தில் குருணை அரிசி போல் வெள்ளையாக ஏதோ கிடக்கிறது.

"ஐயோ, குட்டி எலி மருந்தைத் தின்றுவிட்டதோ!" என்று பதறத் தோன்றும். பதற வேண்டாம். குருணை போல் கிடப்பது பூனைக்குட்டியின் பால்பல்தான்.

இருபத்தாறும் முப்பதும்

பூனைக்குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம்தான் இருக்கும். கண் திறந்திருக்காது. வாயில் ஒரு பல் கூட இருக்காது. பால் குடிக்கப் பல் எதற்கு?

பிறந்த இரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஈற்றைக் கிழித்துக்கொண்டு முதலில் வருபவை முன்பக்கத்து வெட்டுப் பற்கள். மேலே ஆறு, கீழே ஆறு. மூன்றாம், நான்காம் வாரங்களில் ஊசி போன்ற கோரைப் பற்கள் நான்கும் முளைக்கின்றன. நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் முன் கடைவாய்ப் பற்கள் வருகின்றன. இவை மேல்தாடையில் பக்கத்துக்கு மூன்று, கீழ்த்தாடையில் பக்கத்துக்கு இரண்டு, ஆகப் பத்து. கூட்டிப் பாருங்கள். 12 + 4 + 10 = 26. இரண்டு மாதம் ஆன குட்டியின் வாயில் இந்த 26 பால்பற்களும் இருக்கும்.

தாய்ப்பூனை பால் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைப்பதும் இந்த நாட்களில்தான். பால் குறையவும் பல் நிறையவும் சரியாக இருக்கிறது.

ஆனால் இந்தப் பற்களின் ஆயுள் மிகக் குறைவு. மூன்றரை மாதம் ஆனதும் வெட்டுப் பற்கள் விழத் தொடங்குகின்றன. அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் கோரைப் பற்களும் கடைவாய்ப் பற்களும் மாறுகின்றன. பின் கடைவாய்ப் பற்கள் நான்கு புதிதாக முளைக்கின்றன. இவற்றுக்கு முன்னோடியாகப் பால்பற்கள் கிடையாது. எனவே ஆறேழு மாதப் பூனையின் வாயில் 26 + 4 = 30 நிலைத்த பற்கள் இருக்கும்.

மனிதருக்குப் பால்பற்கள் 20. நிலைத்த பற்கள் 32. நமக்கு ஆறு வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வயது வரை நடக்கும் வேலையைப் பூனைக்குட்டி மூன்று மாதங்களில் முடித்துவிடுகிறது. அதனால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை. விழுகிற பற்களில் பெரும்பாலானவற்றைக் குட்டி இரையோடு விழுங்கியும் விடுகிறது. அதனால் அதற்குக் கெடுதி ஒன்றும் இல்லை.

வேர் எங்கே போயிற்று?

உங்கள் பால்பல் விழுந்தபோது அதைத் திருப்பிப் பார்த்தீர்களா? அடியில் நீண்ட வேர் இருந்ததா? இருந்திருக்காது. தொப்பி போன்ற மேல்பகுதி மட்டுமே இருந்திருக்கும். ஆனால் உறுதியாக நின்ற நாளில் அதற்கும் நல்ல வேர் இருந்தது. அந்த வேர் எங்கே போயிற்று?

புதுப் பல் கீழிருந்து முட்டித் தள்ளுவதால் பழைய பல் பிடுங்கிக்கொண்டு விழுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படித் தள்ளியிருந்தால் பல் வேரோடு அல்லவா வந்திருக்க வேண்டும்?

நம் உடலிலும் பூனையின் உடலிலும் எலும்பைக் கரைக்கும் தனி வகைச் செல்கள் உண்டு. அவற்றின் உறவினர் போன்ற சில செல்கள் பல்லின் வேரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அவை அமிலத்தைச் சுரந்து வேரில் உள்ள கால்சியம் உப்புகளைக் கரைக்கின்றன. என்சைம்களைச் சுரந்து மிச்சமுள்ள புரதத்தையும் கரைக்கின்றன. கரைந்த பொருள் வீணாவதில்லை. உடலே அதை எடுத்துக்கொள்கிறது. வேர் கரையக் கரையப் பல் ஆட்டம் காண்கிறது. கடைசியில் ஈற்றின் சதையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் பல், சாக்கையோ கயிற்றையோ கடிக்கும்போது விழுந்துவிடுகிறது. ஒரு துளி இரத்தம் வருவது அப்போதுதான்.

அப்படியானால் புதுப் பல்லுக்கு வழி விடுவது யார்? இதற்கு விடை தந்தது ஓர் அருமையான சோதனை. ஈற்றுக்குள் இருக்கும் பல்லைச் சுற்றி மெல்லிய பை ஒன்று உண்டு. அதைப் பல் பை என்று அழைப்போம். அமெரிக்க விஞ்ஞானிகள் டொனால்டு கேஹில், சாண்டி மார்க்ஸ் என்ற இருவர் இளம் நாய்களிடம் இதை ஆராய்ந்தார்கள். பல் பையை நீக்கிவிட்டால் உள்ளே இருக்கும் பல் முளைக்காமலே நின்றுவிடுகிறது என்று 1980-இல் அவர்கள் தெரிவித்தார்கள். பிறகு அதற்கு நேர்மாறான வேலையைச் செய்தார்கள். பையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருந்த பல்லை மட்டும் எடுத்தார்கள். அந்த இடத்தில் பல்லின் வடிவத்தில் செய்த உலோகப் பொம்மைப் பல்லை வைத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? உயிரில்லாத அந்த உலோகப் பல்லும் ஈற்றை நோக்கி வந்து முளைத்தது! இது 1984-இல் வெளியானது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பாதையைத் திறப்பது பல் அல்ல, பல் பை. கரைக்கும் செல்களை வரவழைத்து, மேலே உள்ள எலும்பைக் கரைக்கச் செய்து, பல் வெளியே வர வழி அமைப்பது அந்த மெல்லிய பைதான்.

ஏன் இரண்டு முறை?

முதலிலேயே ஒரே தடவையாகப் பெரிய பல் முளைத்தால் என்ன? பூனைக்குட்டியின் தாடையைப் பாருங்கள். அது நம் கட்டை விரல் அகலம்தான். அதில் பெரிய பூனையின் பற்களுக்கு இடம் ஏது?

சிறு பல்லே தாடையோடு சேர்ந்து வளரக் கூடாதா? கூடாது. பல்லின் மேலே உள்ள எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதைச் செய்யும் செல்கள், பல் வெளியே முளைக்கும்போது அழிந்துவிடுகின்றன. அதன் பிறகு பல்லின் தலைப்பகுதி வளர வழியில்லை. குழந்தைக்கு வாங்கிய செருப்பு காலோடு சேர்ந்து வளராது அல்லவா? பெரிய செருப்புத்தான் வாங்க வேண்டும்.

பூனை பல் மாற்றும் விதத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. இரையைப் பிடிக்கக் கோரைப் பல் மிகவும் தேவை. மேல்தாடையில் புதுக் கோரைப் பல், பழைய பல்லுக்குச் சற்று முன்னால் முளைக்கிறது. கீழ்த்தாடையில் சற்று உட்புறமாக முளைக்கிறது. பழையது விழும் முன்பே புதியது எட்டிப் பார்ப்பதால், சில நாட்கள் இரண்டும் அருகருகே நிற்கும். ஐந்து மாதக் குட்டி கொட்டாவி விடும்போது இந்த இரட்டைக் கோரைப் பல்லைப் பார்க்கலாம்.

போடியிலிருந்து மலை வரை

எல்லா விலங்குகளும் பூனையைப் போலப் பல் மாற்றுவதில்லை. அதே ஏலக்காய்க் கிடங்கில் ஒளிந்திருக்கும் எலியை எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்குப் பால்பல்லே கிடையாது. வாழ்நாள் முழுவதும் ஒரே தொகுதிதான். ஆனால் அதன் முன்பற்கள் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துக் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருப்பதால்தான் அவை அளவோடு இருக்கின்றன.

கிடங்குச் சுவரில் ஓடும் பல்லியோ, சாகும் வரை பழைய பற்களை உதிர்த்துப் புதுப் பற்களை முளைக்க வைத்துக்கொண்டே இருக்கிறது. பாலூட்டிகளால் ஏன் அப்படிச் செய்ய முடியவில்லை? பூனையின் மேல் கடைவாய்ப் பல்லும் கீழ்க் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல உரசிப் பொருந்தினால்தான் இறைச்சி அறுபடும். அடிக்கடி பல் மாறினால் இந்தப் பொருத்தம் கெட்டுவிடும். பாலூட்டிகள் பெரும்பாலும் ஒரு தடவை மட்டும் பல் மாற்றுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

ஊரைவிட்டு வெளியே வந்தால் மலையடிவாரத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்களைப் பார்க்கலாம். "இது இரண்டு பல் ஆடு", "இது நாலு பல்", "இந்த மாடு கடை சேர்ந்துவிட்டது" என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களும் ஜோடி ஜோடியாகத்தான் மாறும். மாட்டுக்கு முதல் ஜோடி மாறும்போது ஏறக்குறைய இரண்டு வயது. நாலு ஜோடியும் மாறி முடியும்போது ஏறக்குறைய நாலு வயது. இதனால்தான் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்ற பழமொழியும் இதிலிருந்து வந்ததுதான்.

போடிமெட்டு ஏறிக் கேரள எல்லைக்குள் போனால் பூப்பாறைக்கு அருகில் மதிகெட்டான் சோலை இருக்கிறது. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. அங்கே யானைகள் உண்டு. யானையின் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு தொகுதிகளாக வருகின்றன. புதுப் பல் கீழிருந்து வராமல், தாடையின் பின்பக்கத்திலிருந்து மெல்ல முன்னோக்கி நகர்ந்து வரும். ஆறாவது தொகுதியும் தேய்ந்துவிட்டால் முதிய யானையால் தீனியை அரைத்துத் தின்ன முடியாது.

ஆக, பல் என்பது ஒரு நாட்காட்டி. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு விலங்கின் வயது தெரியும்.

குட்டியை எப்போது எடுத்து வரலாம்?

இந்த நாட்காட்டி உங்களுக்கும் பயன்படும். தெருவிலோ கிடங்கிலோ பூனைக்குட்டியைக் கண்டால் உடனே வீட்டுக்குத் தூக்கி வர ஆசை வரும். பொறுங்கள்! அது கொட்டாவி விடும்போது வாயைக் கவனியுங்கள். வெட்டுப் பற்கள் மட்டும் அரும்பியிருந்தால் அது மூன்று வாரக் குட்டி. தாயின் பால் இல்லாமல் அது பிழைப்பது கடினம். தாய் இரை தேடித்தான் போயிருக்கும், திரும்பி வரும். கடைவாய்ப் பற்கள் வரை முழுதும் முளைத்து, எட்டு வாரம் ஆன குட்டிதான் தாயைப் பிரிந்து வாழத் தயாரானது.

வளர்க்கும் குட்டிக்குப் பல் மாறும் காலத்தில் ஈறு நமநமக்கும். எதையாவது கடிக்கத் தேடும். கொஞ்சம் எச்சில் ஒழுகும். தின்பதற்குச் சற்று நேரம் ஆகும். அப்போது முள் நீக்கி வேக வைத்த மீனைச் சோற்றோடு பிசைந்து மெதுவாகக் கொடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். மின்சார வயரை எட்டாத இடத்தில் வையுங்கள். நூல், பூச்சரத்தின் நார், சாக்குச் சணல் ஆகியவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உட்புறம் நோக்கி இருப்பதால், வாயில் போன நூலைத் துப்ப முடியாமல் அது விழுங்கிவிடும். குடலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆடுகிற பல்லைப் பிடுங்காதீர்கள். வேர் முழுதும் கரையாமல் இருந்தால் ஒடிந்து ஈற்றுக்குள் தங்கிவிடும். இன்னொன்றும் முக்கியம். "பாவம், பல் வலிக்கிறதே" என்று நமக்குத் தரும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள்! அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. இரத்தச் சிவப்பணுக்கள் கெட்டுவிடும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

எப்போது பயப்பட வேண்டும்? ஒரு துளி இரத்தம் இயல்பு. இரத்தம் நிற்காமல் வந்தாலோ, குட்டி சோர்ந்து படுத்தாலோ, ஒரு நாள் முழுதும் எதுவும் தின்னாவிட்டாலோ அது பல் விழும் அறிகுறி அல்ல. எலி மருந்தாகவும் இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஏழு மாதத்துக்குப் பிறகும் கோரைப் பல் இரட்டையாகவே நின்றால், அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் இரை சிக்கி ஈறு கெட்டுவிடும்.

உங்கள் விரலைக் கடித்தால்?

பல் மாறும் காலத்தில் குட்டி விளையாட்டாக உங்கள் விரலையும் கடிக்கும். விரலைக் கொடுத்து விளையாடும் பழக்கத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். தோல் கீறும்படி கடித்துவிட்டால் அதைச் சிறு கடி என்று ஒதுக்கக் கூடாது. வெறிநோய் என்னும் ரேபிஸ் நாயிடமிருந்துதான் மிகுதியாகப் பரவுகிறது என்றாலும், பூனையிடமிருந்தும் வரும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் உடனே கவனித்தால் அதை வராமலே தடுத்துவிடலாம்.

காயத்தைக் குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் தடவாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். மருத்துவர் சொல்லும் நாட்களில் ஊசிகள் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். "பூனையோடு ஏன் விளையாடினாய்?" என்று வீட்டில் திட்டுவார்களோ என்று பயந்து மறைத்துவிடாதீர்கள். திட்டு ஒரு நாளில் போய்விடும்.

குட்டிக்கும் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பால்பல் விழத் தொடங்குவதற்குச் சற்று முன்பு என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பூனைக்குட்டி இருந்தால் ஒரு நோட்டில் அதன் வாயைப் படமாக வரைந்து கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை அது கொட்டாவி விடும் நேரம் பார்த்துக் காத்திருங்கள். எந்தப் பல் இருக்கிறது, எது இல்லை, எங்கே இரண்டு நிற்கின்றன என்று தேதியோடு குறியுங்கள். வாய்க்குள் கையை விட வேண்டாம், கண் போதும்.

சாக்கு மேல் குருணை போல் ஒரு பல் கிடைத்தால் அதைக் கூரை மேல் எறிந்துவிடாதீர்கள். தீப்பெட்டியில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டு போய் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வேர் இருந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.